மடி சேர்த்தவர்கள்

"என் பேரு விக்னேஷ்குமார். வயசு இருபத்தாறு. சொந்த ஊரு திண்டுக்கல் மாவட்டம், கொடைரோட்டுல எறங்கி உள்ள போகணும். இப்ப இருக்கிறது ஷார்ஜா. காய்கறி வைக்கிற குளிர்கிடங்குல வேலை. கையில உறை மாட்டியிருக்கேன், தட்ட முடியாது, அதான் பேசிப் பேசி எழுத்தாக்கி அனுப்புறேன். இது எங்க அக்கா புவனேஸ்வரிக்காகவும் நாகல் நகர் நான்சி அக்காவுக்காகவும் அனுப்புறது. ஆஸ்பத்திரியில யாரு படிச்சாலும் சரி, கடைசி வரைக்கும் படிங்க..."

அதோடு நிறுத்திவிட்டான் விக்னேஷ்குமார். பேசியதெல்லாம் கைப்பேசித் திரையில் எழுத்தாக நின்றது. வெங்காய மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறந்தால் புகை வந்தது. கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். ஆனால் அது ஏன் என்று படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. மடி சேர்ப்பது என்றால் என்னவென்று அவன் ஊரைத் தாண்டி யாருக்குத் தெரியும்?

அவன் ஊர்ப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிற பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் இறங்குவார்கள். வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒரு பக்கம் மொட்டு அள்ளிக்கொடுக்கும், மறுபக்கம் ஏமாற்றும். யாருக்கு எந்தப் பக்கம் என்று சண்டை வராமலிருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எடுத்து முடித்ததும் இரண்டு பேரும் மடியை அவிழ்த்து ஒரே சாக்கில் கொட்டிவிடுவார்கள். எடை ஒன்று, கூலி சரிபாதி. கொட்டிய பிறகு இது என் மொட்டு, அது உன் மொட்டு என்று பேச்சு வரக்கூடாது. தன் ஜோடி குறைவாக எடுத்தாள் என்று வெளியே வாய்விட்டவளோடு அப்புறம் எவளும் வரிசையில் நிற்கமாட்டாள்.

புவனேஸ்வரி அந்தத் தோட்டங்களில் பேர்போன கை. இருட்டுப் பிரியும் முன்னே இறங்கினாலும் முற்றிய மொட்டு எது, பிஞ்சு எது என்று அவள் விரலே சொல்லிவிடும். அந்த விரல்தான் முதலில் கைவிட்டது. ஒருநாள் மடியைக் கொட்டினால் பாதி இலையும் பிஞ்சுமாகக் கிடந்தது. கூட நின்றவர்கள் தூக்கக் கலக்கம் என்றார்கள். பிறகு இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பிறகு ஒரு கண்ணில் சாம்பல் பூத்தது போல மங்கல். அவள் தாய் ஒச்சம்மாள் மந்திரித்துக் கயிறு கட்டினாள், வாதம் என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். கடைசியில் மதுரையில் ஒரு நரம்பு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று பேர் சொன்னார்கள்.

அந்தப் பேரை ஷார்ஜாவில் இருந்துகொண்டு விக்னேஷ்தான் முதலில் தேடிப் பார்த்தான். தேடிப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் கெட்டது. அக்கா போனை எடுக்க நேரமானால் அடுத்தடுத்து அழைத்துக்கொண்டே இருப்பான். எடுத்தால், "அக்கா, நடந்து காட்டு" என்பான். அவள் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முற்றத்தில் நடந்து காட்டுவாள். "போதுமாடா? பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டு நடக்கவிடல" என்பாள்.

போன சித்திரையில் அவனுக்கு லீவு கிடைத்தது. வந்திறங்கிய மறுநாள் காலை அக்காவைத் தேடினால் ஆள் வீட்டில் இல்லை.

"தோட்டத்துலதான் கெடப்பா" என்றாள் ஒச்சம்மாள், கம்பங்கூழைக் கரைத்தபடி. "சும்மா இருடின்னா இருக்க மாட்டேங்கிறா அப்பு. செத்த நேரம் எடுத்துட்டு வாரேம்பா. வெயில் ஏறுனா ஆளத் தூக்கிட்டுத்தான் வரணும்."

தூக்குவாளியில் கூழும், மோர்மிளகாயும், வெஞ்சனத்துக்கு வறுத்த கருவாடுமாக அவன் தோட்டத்துக்குப் போனான். வரிசைக்கு நடுவே ஒரு மரமுக்காலி. அதில் உட்கார்ந்து புவனேஸ்வரி மொட்டெடுத்துக்கொண்டிருந்தாள். கைக்கெட்டும் செடிகள் முடிந்ததும் அவள் கணவன் பெருமாள்சாமி அவளையும் முக்காலியையும் அடுத்த செடிக்கு நகர்த்தினான். பிறகு மோட்டார்த் தொட்டிக்கு ஓடி, துண்டை நனைத்து வந்து அவள் பிடரியில் போட்டான்.

"மாப்ள, ஒங்கக்காளுக்கு வெயில்தான் சனியன்" என்றான். "ஒடம்பு சூடானா கால் கட்டையாப் போயிரும். நனைச்சுப் போட்டா மறுபடி மனுசக் கால். இவளுக்குத் துண்டு நனைச்சு நனைச்சே எங் கையில சேத்துப்புண்ணு."

"பொண்டாட்டிய மகாராணி மாதிரி வச்சிருக்கேன்னு தம்பிகிட்ட பீத்திக்கிறாக" என்றாள் புவனேஸ்வரி. தம்பியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். இடது கண் சிரிப்போடு சேரவில்லை. விக்னேஷ் தூக்குவாளியை இறக்கி வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

கூழ் குடிக்கும்போதுதான் மாத்திரைப் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடப்பதும், அக்கா அதில் சேர்ந்திருப்பதும் அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அம்மா சொன்னதைக் கேட்டால் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"அங்க அஃப்சானான்னு ஒரு பிள்ள. தங்கமான பிள்ள, அதுதான் ஆராய்ச்சிய எல்லாம் பாத்துக்கிறது" என்று அன்று மத்தியானம் வீட்டில் விளக்கினாள் ஒச்சம்மாள். "அது சொல்லுச்சு. நரம்புக்கு மேல ஒரு உறை இருக்காம்ல. அத இவ ஒடம்பே அரிக்குதாம். இப்பப் போடுற ஊசி அந்த அரிப்பத்தான் அடக்குமாம். ஆனா உள்ள இருக்க நரம்பு செத்துச்சுன்னா செத்ததுதானாம். அதச் சாகவிடாமக் காபந்து பண்ண ஒரு மாத்திரை கண்டுபிடிக்கிறாகளாம். நாங் கேட்டேன், ஏம்மா, மல்லிச்செடிய மொட்டையாக் கவாத்து வெட்டுறோம், அது துளுத்து வருதுல்ல, நரம்பு துளுக்காதான்னு. துளுக்காதும்மா, அதனாலதான் இருக்கிறதக் காப்பாத்தப் பாக்குறோம்னுச்சு."

"சரி, மாத்திரை கேக்குதாம்மா?"

"அது யாருக்குத் தெரியும்? பாதிப் பேருக்கு நெசமான மாத்திரை. பாதிப் பேருக்கு அதே மாதிரி வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு குடுக்குற டாக்டருக்கே தெரியாதாம். தெரியாமலாம்மா குடுக்குறீகன்னேன். தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும், மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு நேர்மையாச் சொல்ல முடியாதுன்னுச்சு. அதுவும் நாயந்தான்."

மாத்திரை வாங்கப் போகிற நாளில் அக்காவோடு அவனும் கிளம்பினான். கொடைரோட்டில் ரயில் நின்றதும் ஒரு சன்னலிலிருந்து மஞ்சள் கைக்குட்டை ஆடியது. திண்டுக்கல்லில் ஏறிய நான்சி, புவனேஸ்வரிக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நாகல் நகர்க்காரி. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். இதே நோய் வந்து, கரும்பலகையில் கை நடுங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டவள். ஆஸ்பத்திரி பெஞ்சில் முதல்நாள் பார்த்த இருவரும், ரயில் ஊர் வந்து சேர்வதற்குள் வாடி போடி என்றாகிவிட்டார்கள்.

"இதான் ஒன் துபாய்த் தம்பியா?" என்றாள் நான்சி.

"ஷார்ஜா" என்றான் விக்னேஷ்.

"எல்லாம் ஒட்டகம்தான தம்பி. உக்காருங்க. ஏண்டி புவனா, இவரு ஒன்ன விடச் சேப்பா இருக்காரே, குளுகுளு ரூமுலயே வச்சிருக்காகளோ?"

"ஆமாக்கா, தக்காளியும் நானும் ஒரே ரூமு."

நான்சி ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். எலுமிச்சஞ்சோறும் உருளைக்கிழங்கும் கட்டி வந்திருந்தாள். அவளுக்குக் கை நடுங்கியதால் புவனேஸ்வரிதான் பொட்டலத்தைப் பிரித்தாள். புவனேஸ்வரிக்கு விரலில் சூடு தெரியாததால் நான்சி சோற்றைத் தொட்டுப் பார்த்து, "சாப்புடு, சுடல" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முழு ஆள் இருந்தது அங்கே.

ஆஸ்பத்திரியில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், குச்சிகளைத் துளையில் செருகவிட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அஃப்சானா ஆளுக்கொரு வெள்ளை டப்பா கொடுத்தாள். டப்பாவில் மருந்தின் பேர் இல்லை, எண் மட்டும் ஒட்டியிருந்தது.

திரும்பும் ரயில் சோழவந்தானைத் தாண்டியது. வெளியே தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. புவனேஸ்வரி முந்தானையை மடியில் விரித்தாள். தன் டப்பாவைத் திறந்து அதில் கொட்டினாள். நான்சியும் தன் டப்பாவை அதன் மேலேயே கவிழ்த்தாள். மொட்டைக் கிளறுகிற மாதிரி புவனேஸ்வரி உள்ளங்கையால் ஒரு கிளறு கிளறினாள். அப்புறம் இரண்டு பேரும் எண்ணி எண்ணித் திரும்ப டப்பாக்களில் போட்டார்கள்.

விக்னேஷுக்கு ஒரு நிமிடம் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. புரிந்ததும் இருக்கையை விட்டு எழுந்துவிட்டான்.

"அக்கா, என்ன பண்ற நீ?"

"மடி சேக்குறோம்" என்றாள் அவள், சாதாரணமாக.

"எப்ப இருந்து?"

"மொத டப்பால இருந்தே."

"நான்சியக்கா, நீங்க படிச்சவக. ஒங்களுக்குமா தெரியல?"

நான்சி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "தெரியும் தம்பி. செய்யக்கூடாதுன்னு இவகிட்ட நான்தான் மொதல்ல சொன்னேன். அதுக்கு இவ கேட்டா, 'ஒன் டப்பால மருந்தும் என் டப்பால தவிடும் இருந்தா நீ சும்மா விட்டுருவியாடி? என் டப்பால மருந்தும் ஒன் டப்பால தவிடும் இருந்தா எனக்கு எப்படித் தொண்டையில எறங்கும்?'னு. அதுக்கு என்ன பதில் இருக்கு, நீங்க சொல்லுங்க. நான் இருபது பிள்ளைகளுக்கு ஒரு கேக்க வெட்டிக் குடுத்துப் பழகுனவ."

"இது கேக்கு இல்லக்கா."

"அது தெரியும்னுதான சொல்றேன்" என்றாள் நான்சி. சிரிப்பு இல்லை.

வீட்டில் அவன் ஆடித் தீர்த்துவிட்டான். பெருமாள்சாமிக்கே அன்றுதான் விஷயம் தெரியும். அவன் கோபிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பாதி மருந்துன்னாலும் மருந்துதான மாப்ள? பாதி பலன் இருக்கும்ல?"

"அப்படிக் கணக்கு இல்ல மச்சான். பாதி சாப்பிட்டா ஒண்ணுமே செய்யாமலும் போகலாம். தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஆராய்ச்சிய விட்டு வெளிய அனுப்பிருவாக. அக்கா, இனியாச்சும் ஒன் டப்பாவ நீ சாப்பிடு. சத்தியம் பண்ணு."

"அவளுக்கு?"

"அவக டப்பாவ அவக சாப்பிடட்டும்."

"அதுல வெத்து இருந்தா?"

"இருந்துட்டுப் போகுது!" என்று கத்திவிட்டான்.

ஒச்சம்மாள் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ள கட்டிக் குடுத்த சோத்தத் தின்னுட்டுத்தானடா வந்த" என்றாள்.

சத்தியம் வாங்க முடியவில்லை. அவன் வேறு வழியில்லாமல், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மட்டும் எல்லோரையும் கேட்டுக்கொண்டான்.

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. மல்லி பூத்துக் குலுங்கியது. ஒருநாள் நாகல் நகரிலிருந்து நான்சியின் தாய் இஞ்ஞாசியம்மாள் போன் பண்ணினாள். நான்சிக்கு வலது கண் தெரியவில்லை, காலும் எழவில்லை, ஆஸ்பத்திரியில் போட்டு மருந்து ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறோம் என்றாள்.

விக்னேஷும் அக்காவும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். சந்துக்குள் ஓட்டு வீடு. கட்டிலில் நான்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேலே மின்விசிறி அனல்காற்றைத் தள்ளியது. இஞ்ஞாசியம்மாள் ஈரத்துணியால் மகள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி பூக்காரி" என்றாள் நான்சி. "எங்க நிக்கிற? இந்தப் பக்கம் வா. அந்தப் பக்கம் கடை அடைச்சாச்சு."

புவனேஸ்வரி கட்டிலைச் சுற்றி, காலை இழுத்துக்கொண்டு இடது பக்கம் வந்தாள். மடியிலிருந்து ஒரு கை மொட்டை எடுத்து நான்சியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதென்ன, மாத்திரையா?" என்றாள் நான்சி, குனிந்து பார்க்காமலே.

"மொட்டுடி."

"விரலுக்குத் தெரியல பாரேன்." நான்சி கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். "வாசத்துலதான் தெரியுது."

இஞ்ஞாசியம்மாள் காப்பி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். காப்பி வெகுநேரம் வரவில்லை. உள்ளே பாத்திரச் சத்தமும் இல்லை.

திரும்பும்போது ஊருக்குப் பேருந்து பிடித்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் புவனேஸ்வரி பேசினாள்.

"தம்பி, அவ டப்பாலதான் மருந்து இருந்திருக்கு."

"அது எப்படி ஒனக்குத் தெரியும்?"

"பாதிய நாந் தின்னேன். நா நிக்கிறேன். அவ விழுந்துட்டா."

"அக்கா, அப்படி இல்ல. இந்த நோய் ஆளுக்கு ஆள் மாறும். அந்த மாத்திரை வேலை செய்யுமான்னே இன்னும் யாருக்கும் தெரியாது. ரெண்டு டப்பாவும் வெத்தாக்கூட இருந்திருக்கலாம்."

"அடுத்த தடவை போறப்ப அஃப்சானா பிள்ளைகிட்டச் சொல்லப் போறேன். எல்லாத்தையும் சொல்லி, அவளுக்கு முழு டப்பாவும் குடுத்து, வெளிய யாரும் தொடாமப் பாத்துக்கங்கன்னு சொல்லுவேன். என்னைய வெளிய அனுப்பட்டும்."

"ரெண்டு பேரையும் அனுப்பிருவாக. அவகளுக்கும் கெடைக்காது, ஒனக்கும் கெடைக்காது. ஒங் கால நெனச்சுப் பாருக்கா. ஒனக்குக் கும்புடு போடுறேன், பேசாம இரு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த அளவு அழுத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கு வலித்தது. கையை இழுக்கவில்லை.

அடுத்த முறை நான்சியைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் ரயிலேற்றினார்கள். இஞ்ஞாசியம்மாளும் கூட வந்தாள். ஆஸ்பத்திரியில் நான்சியைக் கண் பார்க்க உள்ளே அழைத்துப்போன நேரம், புவனேஸ்வரி அஃப்சானாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். விக்னேஷ் பின்னால் ஓடி அவள் தோளைத் தொட்டான். அவள் நகரவில்லை.

"பாப்பா, நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்" என்று ஆரம்பித்து, மடி சேர்ப்பது என்றால் என்ன என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அஃப்சானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சின்ன வயசுப் பெண். முதலில் முகம் சிவந்தது, அப்புறம் வெளுத்தது.

"மொத மாசத்துல இருந்தேவாக்கா?"

"ஆமாம்மா. அவளத் திட்டாத. நாந்தான் சொன்னது. நீ ஒண்ணு செய்யி. ஏம் பேரை அடிச்சிரு. அவளுக்கு மட்டும் முழு மருந்து குடு."

"என் கையில எதுவுமே இல்லக்கா. யார் டப்பால மருந்து இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அவங்களுக்கு மருந்துதான் வேணும்னு எடுத்துக் குடுக்க முடியாது. நடந்ததப் பெரிய டாக்டர்கிட்டச் சொல்லியாகணும். ரெண்டு பேரோட மாத்திரையும் நிப்பாட்டுவாங்க."

"அப்ப, அவளுக்கு..."

"வழக்கமா போடுற ஊசி, வைத்தியம், எதுவும் நிக்காது. எப்பயும் போல வரலாம், நாங்க பாத்துக்குவோம். இந்த மாத்திரை மட்டும்தான் இனி இல்ல."

புவனேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பாதி மருந்து பத்தாதாம்மா? ஆளுக்குப் பாதிப் பாதியா உசுரு காபந்து ஆகியிருக்காதா?"

"தெரியலக்கா" என்றாள் அஃப்சானா. "ஆகியிருக்கலாம். ஒருத்தருக்குக்கூட ஆகாமப் போயிருக்கலாம். அதச் சொல்றதுக்கு இனி வழியே இல்ல." கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். மாட்டிய பிறகு மறுபடி கழற்றித் துடைத்தாள்.

வெளியே வந்த நான்சிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"ஒனக்கு முழுசாக் கெடைக்கணும்னு..."

"கேட்டியாடி?"

புவனேஸ்வரி தலையாட்டினாள், இல்லை என்று. நான்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் நான்கு பேரும் ஏறினார்கள். வேர்க்கடலைக்காரன் வந்தான், போனான். நான்சியின் தெரியாத கண் பக்கம்தான் புவனேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் உட்காரட்டும் என்றே நான்சி விட்டிருந்தாள். விக்னேஷ் எதிரில் இருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் அக்கா மேல் கோபம் இருந்தது. நான்சி மேலும் இருந்தது. ஒருவேளை அக்கா டப்பாவில்தான் மருந்து இருந்ததோ, அதில் பாதியை இவள் தின்றுவிட்டுத்தான் இப்படிக் கோபித்துக்கொண்டு வருகிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. கண் தெரியாத ஒருத்தியைப் பார்த்து இப்படி நினைக்கிறோமே என்று அவன் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டான்.

சோழவந்தான் தாண்டியது. தென்னந்தோப்பு வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே புவனேஸ்வரி முந்தானையை மடியில் விரித்தாள். விரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. விரித்தது விரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு சொட்டு அதில் விழுந்தது.

நான்சி பார்க்கவில்லை. அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது. ஆனால் சேலை விரிகிற சத்தம் தெரியும். நடுங்குகிற கையை மெதுவாக நகர்த்தி, தடவிக்கொண்டே வந்து, அந்த வெறும் மடியில் வைத்தாள்.

"இந்தா, கொட்டிட்டேன்" என்றாள். "கிளறிக்க."

கொடைரோடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. எதிரில் இஞ்ஞாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஆனி பிறந்ததும் விக்னேஷ் ஷார்ஜாவுக்குத் திரும்பினான். அக்காவின் நடை கைத்தடிக்கு வந்தது. தோட்டம் நின்றுபோனது. நான்சியின் இன்னொரு கண்ணும் மங்கிக்கொண்டே போனது. முடிந்த நாட்களில் பெருமாள்சாமி புவனேஸ்வரியை நாகல் நகர் கூட்டிப்போய் விடுவான். இரண்டு பேரும் அந்த அனல் அறையில் கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்து, பேசிக்கொண்டோ பேசாமலோ இருந்துவிட்டு வருவார்கள்.

போன வாரம் அஃப்சானா போன் செய்திருந்தாள். ஆராய்ச்சி முடியப் போகிறதாம். முடிந்ததும் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதை ஒவ்வொருவருக்கும் தெரிவிப்பார்களாம். நடுவில் நிறுத்தப்பட்ட இவர்களுக்கும் உண்டாம். அன்று புவனேஸ்வரி நாகல் நகரிலிருந்துதான் தம்பிக்கு வீடியோவில் வந்தாள். திரையில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. நான்சியின் பார்வை கைப்பேசியைத் தாண்டி எங்கோ நின்றது.

"துபாய்த் தம்பி, நல்லாருக்கீங்களா? தக்காளி சௌக்கியமா?"

"சௌக்கியம்க்கா."

பின்னாலிருந்து பெருமாள்சாமி குரல் கொடுத்தான். "நீயே சொல்லு மாப்ள. தெரிஞ்சுக்கிறதுல என்ன தப்பு? இம்புட்டுப் பட்டாச்சு. எதுன்னாச்சும் தெரிய வேணாமா?"

"வேணாம்" என்றாள் புவனேஸ்வரி. "மடி சேத்தவகளுக்குள்ள யாரு மொட்டு எதுன்னு கேக்கப்படாது. தெரிஞ்சிருச்சுன்னா, ரெண்டு பேருல ஒருத்தி கள்ளி ஆயிருவா. என் டப்பால இருந்துச்சுன்னா இவ ஒவ்வொரு நாளும் எங்கிட்ட மன்னிப்புக் கேப்பா. இவ டப்பால இருந்துச்சுன்னா நா இந்த வீட்டு வாசல்ல எப்படிக் கால் வைப்பேன்?"

"கால எங்க வைக்கிற, இழுத்துக்கிட்டுல்ல வார" என்றாள் நான்சி. சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. புவனேஸ்வரி அவள் முதுகைத் தடவினாள். "ஆமா தம்பி" என்றாள் நான்சி, மூச்சு வாங்கியபடி. "எனக்கும் வேணாம். இவ வாரது ஒண்ணுதான் இருக்கு. அதுல போய் எதையும் கொண்டாந்து போட்டுறாதீக. ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே ஒங்க போன்ல பேசி எழுதி அனுப்பிருங்க."

குளிர்கிடங்கில் மணி அடித்தது. லாரி வந்துவிட்டது. விக்னேஷ் வெங்காய மூட்டையில் சாய்ந்துகொண்டு கைப்பேசியை மறுபடி உதட்டருகே கொண்டுவந்தான். இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது பல் கிட்டிப்போயிருந்தது.

"...இதுதாங்க நடந்தது. எங்கக்கா புவனேஸ்வரி, நான்சி அக்கா, இவக ரெண்டு பேரும் பண்ணுனது ஆராய்ச்சிக்குத் தப்பு. அதுக்கு மன்னிச்சிருங்க. மத்தவகளுக்கு அந்த மருந்து நரம்பக் காப்பாத்துச்சுன்னா எங்களுக்குச் சந்தோசம். அத மட்டும் சொல்லிவிடுங்க. ஆனா இவக ரெண்டு பேருல யாரு டப்பால மருந்து இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்குச் சொல்ல வேணாம். நாகல் நகர் வீட்டுக்கும் சொல்ல வேணாம். எங்க மச்சான் வந்து கேப்பாரு, அவர்கிட்டயும் வேணாம். என்னைக்காச்சும் தாங்க முடியாம நானே போன் பண்ணிக் கேப்பேன். தயவுசெஞ்சு, நான் கேட்டாலும் சொல்லிறாதீங்க."